கொக்கோ: பறித்த பிறகுதான் செலவு

கொக்கோ மரம் வளர்ப்பதற்குச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறது. எந்த ஒட்டு நல்லது, எவ்வளவு உரம், எப்போது கவாத்து என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். காயைப் பறித்துக் கீழே வைத்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். எங்கள் பணம் போனது அந்த நாட்களில்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவில் கணவர் குடும்பத்தின் மூன்று ஏக்கர் தென்னை, கொக்கோ நிலத்தை ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து போட்ட பணத்தில் இன்னும் திரும்பி வராதது சுமார் 27,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். கிள்ளானில் விட்டுவந்த என் சம்பளத்தை அதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தூக்கம் வராது.

ஆசை தொடங்கிய இடம் கைப்பேசி. பிரான்சிலும் இத்தாலியிலும் யாரோ கைவிட்ட சிறிய திராட்சைத் தோட்டத்தை வாங்கி, கடையில் விற்கும் ஈஸ்ட்டைச் சேர்க்காமல், பழத்தோலிலும் ஒயின் அறையிலும் தானாகவே இருக்கும் ஈஸ்ட்டை நம்பி ஒயின் செய்யும் தம்பதிகளின் காணொளிகளை என் கணவர் ஓயாமல் பார்ப்பார். பேராக் கடற்கரைக் களிமண்ணில் அந்தத் திராட்சை நடக்காது. ஆனால் தாத்தா வைத்த கொக்கோ இன்னும் நிற்கிறதே, அதுவும் புளிக்கவைத்துச் செய்கிற பொருள்தானே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒயினைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் வகை கொக்கோக் குவியலிலும் வேலை செய்கிறது. அதையும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டியதில்லை. திராட்சைக்காரருக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை, கொக்கோக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறிப்பு, ஆகவே ஒன்று கெட்டாலும் அடுத்ததில் பிடித்துவிடலாம் என்றும் கணக்குப் போட்டார். அந்தக் காணொளிகளில் ஒன்றில்கூட மழை பெய்து நான் பார்த்ததில்லை.

முதலில் நிலத்தின் கதை. கங்காணியாக இருந்த தாத்தா, வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில் வாங்கியது. கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுகள் ஐந்து பேர். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசியவர்களுக்கு நில அலுவலகத்தில்தான் விஷயம் புரிந்தது: விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, தனிக் கிராண்டாகப் பிரிக்க முடியாது. மூன்று ஏக்கரை ஐந்தாகப் போட வழியே இல்லை. ஆகவே மற்ற நால்வரின் பங்கை நாங்கள் வாங்கிக்கொண்டோம். உயில் இல்லாத குடும்பங்கள் எடுத்தவுடன் வழக்கறிஞரிடம் ஓட வேண்டாம். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இறந்தவரின் மொத்தச் சொத்து முன்பு 20 லட்சம் வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது, 2024 ஜூலையிலிருந்து அது 50 லட்சம். விசாரணை நாளுக்கு எல்லா வாரிசுகளையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கஷ்டம். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் வரவில்லையென்றால் தேதி தள்ளிப்போகலாம். அது முடியும்வரை நிலத்தில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள். பாடுபட்டு நீங்கள் திருத்திய நிலத்துக்குப் பங்குக்காரர் மதிப்பு ஏற்றிக் கேட்பார்.

மாமனார் காலத்தில் கொக்கோ நன்றாகத்தான் ஓடியது. தென்னை நிழலில் கொக்கோ என்பது இந்தக் கடற்கரை முழுக்க அன்று இருந்த வழக்கம். 1990-இல் நாடு ஏறக்குறைய 2,47,000 டன் விளைவித்தது. இன்று ஆயிரம் டன்னைக்கூடத் தொடாத ஆண்டுகள் உண்டு. விலை விழுந்தது ஒரு காரணம், எண்ணெய்ப்பனை வந்தது இன்னொன்று. மூன்றாவது காய்த்துளைப்பான். சபாவில் 1980-இல் தலைகாட்டி, 1986-இல் தீபகற்பத்துக்குள் வந்த சின்ன அந்துப்பூச்சி. காயின் பள்ளக் கோட்டில் முட்டை வைக்கும், புழு ஓட்டைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் காய் பழுத்த மாதிரி மஞ்சள் தட்டும். உடைத்தால் கொட்டைகள் ஒன்றோடொன்று இறுகி, கத்தியால் நெம்பினாலும் பிரியாத கட்டியாகக் கிடக்கும். மாமனார் ஒரு கட்டத்தில் மருந்து வாங்கவே காய் விற்ற காசு போதவில்லை என்று தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். நாங்கள் போனபோது மரங்கள் இருபது அடிக்கு மேல் ஏறி, உச்சியில் நாலு காய், அடியில் அணிலும் எலியும் கொறித்த ஓடுகள்.

பழைய மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை என்பது முதல் நல்ல செய்தி. தண்டின் பக்கத்தில் பட்டையைக் கீறி, பி.பி.சி. 123 போன்ற கொக்கோ ரகத்தின் ஒட்டுக் குச்சியைச் செருகி வளரவிடலாம். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அது காய்க்கத் தொடங்கியதும் பழைய தலையை வெட்டலாம். கவாத்து செய்ய வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இடுப்பளவுக்கு வெட்டித்தருகிறோம், கூலி குறையும் என்றார்கள். கணவர் வரிசை விட்டு வரிசையாகத்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதனால்தான் இன்று பறிக்க ஏதோ இருக்கிறது. திடீரென்று வெயில் பட்டால் தண்டு வெந்துபோகும். ஒட்டும் கவாத்துமாகப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் ஆயிற்று. துளைப்பானுக்கு மருந்தைவிட உறை மேல். காய் விரல் நீளம் தாண்டியதும் பிளாஸ்டிக் உறையை மாட்டி, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டால் தண்ணீர் தேங்காது. சலிப்பான வேலை, மதியத்தில் கழுத்து வலிக்கும், ஆனால் பலன் கண்கூடு. உடைத்த ஓட்டை மரத்தடியிலேயே குவிக்காமல் புதைத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் புழு அங்கிருந்துதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இன்னொன்று, கறுப்பு எறும்பு. பார்த்தவுடன் மருந்தடிக்கச் சொல்வார்கள், அடிக்காதீர்கள். பிஞ்சைக் குத்திச் சாறு உறிஞ்சும் பூச்சியை இந்த எறும்புக் கூட்டம் அண்டவிடாது என்பது நம் நாட்டுக் கொக்கோ ஆராய்ச்சியில் நன்றாகத் தெரிந்த விஷயம். காய்ந்த இலைகளை முடிச்சாகக் கட்டிக் கிளையில் தொங்கவிட்டால் கூடு வைத்துக்கொள்ளும். கெரெங்கா என்ற செவ்வெறும்பும் இதே வேலையைச் செய்யும்; ஆனால் பறிக்கப் போகிறவரைக் கடித்து மரத்திலிருந்து இறக்கிவிடும்.

இதுவரை சொன்ன எதற்கும் நான் அழவில்லை. அழுதது முதல் பெட்டிக்கு. ஒட்டு மரங்கள் லேசாகக் காய்க்கத் தொடங்கியிருந்தன, பழைய மரங்களிலும் கொஞ்சம் கிடைத்தது. காய்களை மரக்கட்டையால் தட்டி உடைத்தோம். பாராங் கத்தி பட்டால் உள்ளே கொட்டை வெட்டுப்பட்டு, அந்த வெட்டு வழியாகப் பூஞ்சை ஏறும். வெள்ளைச் சதையோடு கொட்டைகளை வழித்து, தச்சரிடம் செய்து வாங்கிய பெரிய பலகைப் பெட்டியில் கொட்டினால் கால்வாசிகூட நிரம்பவில்லை. வாழையிலை போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தோம். புளிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஈஸ்ட், சதையின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும்; அப்போது பெட்டியைத் திறந்தால் கள் வாசம் அடிக்கும். கூடவே தயிரைப் புளிக்கவைக்கும் இனத்துப் பாக்டீரியா. இரண்டு நாள் கழித்துக் கிளறிக் காற்றுப் பட்டதும் காடி, அதாவது வினிகர், உண்டாக்கும் பாக்டீரியா எழுந்து சாராயத்தைக் காடியாக்கும், அதில்தான் பெரும் சூடு பிறக்கும். 45, 50 டிகிரி வரை ஏற வேண்டும். அந்தச் சூடும் காடியும் சேர்ந்து கொட்டையின் முளையைக் கொல்லும், உள்ளே ஊதா நிறம் பழுப்பாக மாறும், சாக்லெட் வாசத்துக்கு வேண்டிய சரக்கு அப்போதுதான் உருவாகும். எங்கள் பெட்டி கள் வாசத்தோடு நின்றுவிட்டது. கையை விட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பிறகு அதுவும் போயிற்று.

காயவைத்து கோலாலம்பூரில் சாக்லெட் செய்யும் ஒருவருக்கு மாதிரி அனுப்பினோம். அவர் கொட்டைகளை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் படம் எடுத்து அனுப்பினார்: பாதிக்கு மேல் ஊதா, சில சிலேட்டு நிறம். துவர்ப்பு தாங்கவில்லை, எடுத்துக்கொள்ள முடியாது என்று இரண்டே வரி. தெலுக் இந்தானில் ஒரு வியாபாரி மூட்டையோடு அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு உழைப்புக்குக் கையில் வந்த முதல் காசு 180 வெள்ளி. அன்று இரவு நானும் கணவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வரிசை வீட்டுப் பாட்டி. எண்பதுகளில் தோட்டத்தின் கொக்கோ ஸ்டோரில் கூலிக்குக் கிளறிப்போட்டவர். அடுத்த பெட்டியைப் பார்க்க அவராகவே வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கையை முழங்கைவரை கழுவி, கொட்டைக்குள் அந்த அளவுக்கு விட்டார். வெளியே எடுத்து விரல்களை முகர்ந்தார். "கொட்டைக்குக் குளிர் எடுக்கிறது அம்மா. நாலு பேர் நெருக்கிப் படுத்தால்தானே சூடு" என்றார். விஷயம் அதுதான். அளவு குறைந்தால் பிறக்கிற சூடு அப்படியே வெளியே போய்விடும். என் அனுபவத்தில் ஈரக்கொட்டை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் பெட்டியே கட்டாதீர்கள். வேர் கருகும் என்பதால் வடிகிற சாற்றை மரத்தடியில் விடாதீர்கள் என்றும் பாட்டிதான் சொன்னார்.

பெட்டியைச் சிறியதாக மாற்றினோம். ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் இல்லை, அடியில் சாறு வடிய ஓட்டைகள், காடி இரும்பைத் தின்று கொட்டைக்குக் கறை ஏற்றும் என்பதால் ஆணிக்குப் பதில் மரமுளை. சுற்றிலும் சாக்கு, மேலே வாழையிலை, அதன் மேல் இன்னொரு சாக்கு. இன்னொரு மாற்றம் பெரும் பலன் கொடுத்தது: பறித்த காயை உடனே உடைக்காமல் நாலைந்து நாள் நிழலில் குவித்து வைப்பது. இரண்டு பறிப்பை ஒன்றாகச் சேர்க்க முடிகிறது, கூடவே சதையும் கொஞ்சம் வற்றுகிறது. மலேசியக் கொட்டை என்றாலே புளிப்பு என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு வாங்குபவர்கள் முகம் சுளித்ததற்குக் காரணம் அதிகச் சதையும் ஆழமான பெட்டிகளும் அவசரமாக இயந்திரத்தில் காயவைத்ததும்தான். காய்களை வைத்து உடைத்தால் அந்தப் புளிப்பு நன்றாகவே குறைகிறது. கருங்காய் நோய் பட்ட காயை மட்டும் குவியலில் விடாதீர்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். இப்படி வைத்த பெட்டியை மூன்றாம் நாள் திறந்தபோது காடி நெடி கண்ணில் குத்தித் தண்ணீர் வந்தது. கணவர் வெப்பமானியைச் செருகினார், 47 டிகிரி. பாட்டி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

அளவுக்காக அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் ஈரக்கொட்டையையும் வாங்கத் தொடங்கினோம். இதில் எச்சரிக்கை வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் உடைக்க வேண்டும், முன்தினம் உடைத்ததை வாளியில் மூடிவைத்துக் கொண்டுவந்தால் அது பாதி புளித்திருக்கும், பெட்டி ஒரே சீராக வேகாது. கட்டிபிடித்த கொட்டையை எடை போடும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருக்கும், அடுத்த கல்யாணத்தில் பார்க்க வேண்டிய ஆட்கள். நான் ஒரு சல்லடைத் தட்டை வாங்கி, எங்கள் கொட்டையையும் அவர்கள் கண் முன்னாலேயே அதில் கொட்டிப் பொறுக்கினேன். பிறகு யாரும் வருத்தப்படவில்லை.

இயற்கை முறை என்றால் எதையும் தொடாமல் விட்டுவிடுவது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பெட்டி வைத்த ஐந்தாறு நாட்கள் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போவதில்லை. 48 மணி நேரத்தில் முதல் கிளறல், பிறகு நாளுக்கொரு முறை. ஒரு நாள் கூடிப்போனால் காடி வாசம் போய் அழுகல் வாசம் வந்துவிடும், அதைத் திருப்பவே முடியாது. கெட்டுப்போகாமல் பிடித்து நிறுத்த ஒயின்காரர் விரும்பினால் கொஞ்சம் கந்தகம் சேர்க்கலாம். கொக்கோவுக்கு அப்படி ஒரு வழி கிடையாது, மூக்கும் கையும்தான்.

அடுத்தது மழை. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டும். கொக்கோ அதிகம் காய்ப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். வாசலில் சாக்கு விரித்துக் காயவைப்பது என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலைத்தட்டு, மேலே வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை, நாலு பக்கமும் காற்று என்று ஓர் உலர்த்தும் கொட்டகை கட்ட 8,500 வெள்ளி ஆயிற்று. வசதி இருந்தால் அதை முதலில் கட்டுங்கள், மரத்தில் கைவைப்பதற்கும் முன்னால். எங்களுடையது முடிவதற்குள் ஒரு துக்க காரியத்துக்குக் கிள்ளானுக்குப் போக வேண்டி வந்தது. பாதி காய்ந்த கொட்டையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரின் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனோம். மழை விடவில்லை. அவருக்குக் கொப்பரை வாட்டும் சூளை இருக்கிறது. பிள்ளைகளின் சரக்கு பூஞ்சை பிடித்துவிடுமே என்று பதறி, எல்லாவற்றையும் தூக்கிச் சூளையில் போட்டு, தேங்காய் மட்டையை எரித்து, இரவெல்லாம் விழித்திருந்து வாட்டியிருக்கிறார். திரும்பி வந்தபோது கொட்டைகள் ஒரே நிறத்தில், கையில் எடுத்தால் சலசலவென்று, அவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தன. முகர்ந்தால் புகை. கொக்கோவில் பாதி கொழுப்பு, அது எந்த நெடியையும் இழுத்து வைத்துக்கொள்ளும், வறுத்தாலும் அரைத்தாலும் போகாது. சுமார் 2,000 வெள்ளிச் சரக்கு. "நன்றாக வந்திருக்கிறதா மருமகளே" என்று சித்தப்பா கேட்டார். நன்றாக வந்திருக்கிறது சித்தப்பா என்றேன். அவருக்கு இன்றுவரை தெரியாது, இதைப் படிக்கவும் மாட்டார்.

காயவைப்பதில் அவசரம் ஆகாது. முதல் நாள் மெல்லிய வெயிலில் அடிக்கடி புரட்ட வேண்டும். மேல்தோல் சட்டென்று இறுகினால் காடி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 7.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மூட்டை கட்டலாம். ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பிடித்து நசுக்கிச் சத்தத்தை வைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பாட்டிக்கு அது வரும், எனக்கு வராது. சாக்குப் பையில் போட்டுப் பலகை மேல் அடுக்குங்கள். மண்ணெண்ணெய், உரம், மருந்து இருக்கும் அறையில் வேண்டாம், சித்தப்பாவின் சூளை கற்றுத்தந்த பாடம் அங்கேயும் பொருந்தும்.

விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது ஊரெல்லாம் எங்களைப் பணக்காரர்களாகப் பார்த்தது. தெரியாதவர்களெல்லாம் லாரியோடு வந்து ஈரக்கொட்டைக்கு விலை பேசினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் விலை பாதிக்கு வந்துவிட்டது, லாரிகளைக் காணவில்லை. கொட்டை வாங்கி விற்பவருக்கு மலேசியக் கொக்கோ வாரியத்தின் உரிமம் வேண்டும். கேட்டுப் பாருங்கள், இல்லாதவர் மழுப்புவார். மொத்தமாகத் தரம் பார்க்காமல் வாங்குபவருக்கு நீங்கள் ஐந்து நாள் தூக்கம் கெட்டதும் கெடாததும் ஒன்றுதான். சிறிய அளவில் சாக்லெட் செய்பவர்கள்தான் வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் ஆண்டுக்குச் சில மூட்டைகள்தான் எடுப்பார்கள், பணமும் தாமதமாகத்தான் வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் தேதி, எடை, தினசரி வெப்பம் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாதிரி அனுப்பும்போது அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் விலைப் பேச்சே வேறு மாதிரி ஆகிறது.

முதலில் திருப்பி அனுப்பிய அதே கோலாலம்பூர்க்காரருக்குப் போன பருவத்தில் மறுபடி மாதிரி அனுப்பினோம். அறுத்த படம் வந்தது, பெரும்பாலும் பழுப்பு. கொஞ்சம் புளிப்பு தூக்கல்தான், ஆனாலும் இரண்டு மூட்டை எடுத்துக்கொள்கிறேன், கிலோ 32 வெள்ளி, பணம் அறுபது நாளில் என்றார். முப்பது நாள் என்று கணவர் பேரம் பேசினார். நாற்பத்தைந்தில் முடிந்தது. 20, 25 காய் உடைத்தால்தான் ஒரு கிலோ காய்ந்த கொட்டை தேறும் என்பதால் இந்த விலையில் 27,000 வெள்ளியை எடுக்க இன்னும் சில பருவம் பிடிக்கும். இரண்டாவது பெட்டி செய்யலாமா என்று தச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்டோபர்ப் பறிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறோம்.